ஐந்து கோடுகளும் புள்ளிகள் வழியாகத்தான் போகின்றன, எதை நம்புவது?

கீழ்பவானி | கோபிசெட்டிபாளையம்

வணக்கம். கோபிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் ஆய்வேட்டில் நானும் சேர்ந்து சிக்கிக்கொண்டேன்.

ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் இருக்கும் எல்எச்சி என்ற பெரிய துகள் மோதியில் இரண்டு புரோட்டான்கள் எதிரெதிரே வந்து, இரண்டுமே உடையாமல், திசை மட்டும் கொஞ்சம் திரும்பிப் போவது உண்டு. மீட்சிச் சிதறல் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். எந்தக் கோணத்தில் எத்தனை புரோட்டான்கள் போயின என்று 13 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் அங்குள்ள டோட்டம் என்ற ஆய்வுக் குழு அளந்து வெளியிட்ட எண்களை மாணவி இறக்கிக்கொண்டாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், காசு கிடையாது. கட்டுரைகளிலிருந்து ஐந்து மாடல்களைப் பொறுக்கினாள். ஒவ்வொன்றின் மாறிலிகளையும் அந்த எண்களுக்குப் பொருத்தி, ஐந்து நிறத்தில் கோடு போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

ஐந்தும் புள்ளிகள்மேல் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று, புரோட்டான்களுக்கு நடுவே பொமரான் என்ற ஒன்று கைமாறுவதாகச் சொல்கிறது. இன்னொன்று புரோட்டானை மங்கலான தட்டாகப் பார்க்கிறது. மூன்றாவதில் கெட்டியான நடுப்பகுதியும் தளர்ந்த மேல்தோலும் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று ஆகாத சம்பந்திகள்! "ஐந்துமே தேர்ச்சிதானே ஐயா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. புறத்தேர்வாளர் புதன்கிழமை வருகிறார்.

பட்டறைக்காரன் | கணபதி, கோவை

ஐயா, எனக்குப் புரோட்டான் தெரியாது, பம்ப் தெரியும். முப்பது ஆண்டுகளாக அதுதான் சோறு.

பம்ப் வாங்க வருகிறவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: இத்தனை மீட்டர் உயரத்துக்கு எத்தனை லிட்டர் ஏற்றும்? அந்த ஒரு புள்ளிக்கு எந்த பம்பையும் கொண்டுவந்துவிடலாம். இம்பெல்லரைக் கடைசலில் ஏற்றி விளிம்பை ஒரு நூல் எடுத்தால் போதும், எண் வந்து உட்காரும். டெஸ்ட் பெட்டில் வைத்து வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தால்தான் குட்டு வெளிப்படும். மூடும்போது அழுத்தம் எப்படி ஏறுகிறது, முழுக்க மூடினால் எங்கே நிற்கிறது, மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று வளைகோடு முழுவதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். அச்சு வார்ப்பதற்கு முன்பே வரைந்த வளைகோடு ஒன்று, டெஸ்ட் பெட்டில் வந்த எண்களைப் பார்த்துவிட்டு வரைந்த வளைகோடு ஒன்று. தாளில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். உங்கள் ஐந்தும் எந்த வகை? ஒவ்வொன்றிலும் திருகுவதற்கு எத்தனை ஆணிகள் இருக்கின்றன?

கீழ்பவானி | கோபிசெட்டிபாளையம்

குறைந்தது ஆறு ஆணிகள். ஒன்றில் பதினொன்று. ஐந்துமே எண்களைப் பார்த்த பிறகு வரைந்தவைதான். உங்கள் கேள்வியிலேயே பாதி ஆய்வேடு காலி.

உடுமலைக்காரி | இப்போது ஐரோப்பாவில்

இதே துறையில் முனைவர் ஆய்வு செய்கிறேன். பட்டறைக்கார அண்ணன் எடுத்த எடுப்பிலேயே நரம்பைத் தொட்டுவிட்டார். நான் கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஐயா, அந்தப் படத்தின் நெடுக்கு அச்சு மடக்கை அளவில்தானே இருக்கிறது? வேறு வழியும் இல்லை. கோணம் கூடக்கூட எண்ணிக்கை நூறு, ஆயிரம், லட்சம் மடங்கு என்று சரிகிறது. அப்படிப்பட்ட படத்தில் பத்து சதவீதத் தவறு கோட்டின் தடிமனுக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும். மாணவியிடம் சொல்லி, ஒவ்வொரு புள்ளியிலும் அளவை மாடலால் வகுத்து, அந்த விகிதத்தைச் சாதாரண அச்சில் வரையச் சொல்லுங்கள். ஐந்தில் எத்தனை தேறும் என்று அப்போது பார்க்கலாம்.

விகிதப் படத்தின் மகிமைக்கு ஓர் எடுத்துக்காட்டு. வளைகோட்டின் தொடக்கப் பகுதி ஒரே அடுக்குக்குறிச் சரிவு, மடக்கைத் தாளில் நேர்கோடு என்றுதான் நாம் படித்திருக்கிறோம். டோட்டம் குழு 8 டெரா எலக்ட்ரான் வோல்ட்டில் சேர்த்த எண்களை அந்த நேர்கோட்டோடு ஒப்பிட்டு விகிதமாக வரைந்தது. ஒரு சதவீத அளவில்தான் விலகல், ஆனால் பிழை எல்லை அதைவிடச் சிறியது. வெறும் அடுக்குக்குறி என்பதை ஏழு சிக்மாவுக்கு மேல் (அதாவது பிழை எல்லையைப் போல ஏழு மடங்குக்கு மேல்) நிராகரிக்க முடிந்தது. 2015 இல் வெளியானது. சாதாரணப் படத்தில் அந்த விலகல் கண்ணுக்கே தெரியாது.

அடுத்தது பள்ளம். சரிந்துகொண்டே போகும் வளைகோடு ஓரிடத்தில் சட்டென்று குழிந்து, மீண்டும் கொஞ்சம் எழும்பி, பிறகு சரியும். வட்டத் தட்டின்மேல் ஒளி பட்டால் வளையங்களுக்கு நடுவே கருவளையம் விழுமே, அதன் உறவுதான் இது. தட்டு பெரிதானால் கருவளையம் உள்ளே நெருங்கும். 1970களில் செர்னின் ஐஎஸ்ஆர் மோதியில் பள்ளம் 1.4 ஜிஇவி வர்க்கம் அருகில் இருந்தது (உந்தமாற்றத்தின் வர்க்கத்தைச் சொல்கிறேன், கோணம் கூடினால் இதுவும் கூடும்; ஜிஇவி என்றால் கிகா எலக்ட்ரான் வோல்ட், டெராவில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எல்எச்சியில் 7 டெராவில் 0.53, 13 டெராவில் 0.47. ஆற்றல் ஏற ஏறப் புரோட்டான் பருக்கிறது.

அண்ணன் கேட்ட "முன்பே வரைந்த வளைகோடு" கதைக்கு வருகிறேன். 2011 இல் 7 டெரா எண்கள் முதன்முதலில் வந்தபோது, அதற்கு முன்பே அச்சாகியிருந்த மாடல்களின் கோடுகளையும் டோட்டம் குழு பக்கத்தில் வைத்துப் பார்த்தது. தொடக்கத்தில் ஒட்டியது பள்ளத்தில் விலகியது. பள்ளத்துக்கு அருகே வந்தது வால் பகுதியில் மேலே போனது. முழு நீளத்துக்கும் பொருந்திய கோடு ஒன்றுகூட இல்லை. பிறகு பல மாடல்கள் மாறிலிகளைத் திருகிக்கொண்டு திரும்பி வந்து அழகாகப் பொருந்தின. உங்கள் மாணவி பொறுக்கியவை அந்தத் திரும்பி வந்த கூட்டமாக இருக்கலாம்.

சாயப்பட்டறை | திருப்பூர்

இது எங்கள் தொழிலின் அன்றாடத் தலைவலி அம்மணி. வாங்குகிறவர் அனுப்பிய துணித்துண்டுக்கு ஷேடு பிடிக்க லேப் டிப் போடுவோம். டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே நிறம், சத்தியம் செய்யலாம். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்தால் ஒன்று செம்மை காட்டும், மற்றொன்று பச்சை காட்டும். ஏனென்றால் அவர்கள் போட்ட சாயக்கூட்டு வேறு, நாங்கள் போட்டது வேறு. ஒரு விளக்கில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன. அதற்குத்தான் விளக்குப் பெட்டியில் நாலு வகை விளக்கு வைத்து மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம்.

எனக்குப் புரிந்த அளவில் மடக்கைத் தாள் டியூப் லைட், விகிதப் படம் வெயில். சரிதானா?

உடுமலைக்காரி | இப்போது ஐரோப்பாவில்

சரிதான் அண்ணா. நாலு விளக்கும் இருக்கின்றன: மொத்தக் குறுக்குவெட்டு, தொடக்கச் சரிவு, ரோ என்ற விகிதம் (நேர் முன்னே போகும் சிதறலின் வீச்சில் மெய்ப்பகுதிக்கும் கற்பனைப்பகுதிக்கும் உள்ள விகிதம்), பள்ளம். நாலிலும் ஒரே மாறிலிகளோடு நிற்க வேண்டும்.

கணக்கு வாத்தியார் | தாராபுரம்

ஓய்வு பெற்றவன், கையில் கால்குலேட்டரும் நிறைய நேரமும் உண்டு. எல்லோரும் உவமையாகவே பேசுகிறீர்கள், நான் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

1992 இல் டொனாக்கி, லாண்ட்ஷாஃப் என்ற இருவர் மொத்தக் குறுக்குவெட்டுக்கு மிக எளிய சூத்திரம் ஒன்றைக் கொடுத்தார்கள். மொத்தக் குறுக்குவெட்டு என்றால், ஒரு புரோட்டான் இன்னொன்றின் கண்ணுக்கு எவ்வளவு பரப்பாகத் தெரிகிறது என்பது, அலகு மில்லிபார்ன். ஆற்றலின் வர்க்கத்தை ஜிஇவி அலகில் எடுத்து, 0.0808 அடுக்குக்கு உயர்த்தி, 21.7 ஆல் பெருக்க வேண்டும். இரண்டாவதாக ஓர் உறுப்பும் உண்டு. உயர் ஆற்றலில் அது தேய்ந்து போய்விடுவதால் விட்டுவிடலாம்.

13 டெரா என்றால் 13,000 ஜிஇவி. வர்க்கம் 16.9 கோடி. அதன் 0.0808 அடுக்கு 4.62. பெருக்கினால் 100.3 மில்லிபார்ன். டோட்டம் அளந்தது 110.6, கூட்டியோ குறைத்தோ 3.4. அதாவது பிழை எல்லையைப் போல மூன்று மடங்கு விலகல். 7 டெராவில் சூத்திரம் தருவது 90.7, அளவு 98.6, பிழை 2.2. இங்கே மூன்றரை மடங்கு.

ஆக, தேர்ச்சி இல்லை. ஆனால் எல்எச்சி ஓடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, இரண்டே எண்களை வைத்து, எட்டு ஒன்பது சதவீதத்துக்குள் வந்திருக்கிறார்கள். பதினொரு ஆணி வைத்துக்கொண்டு பின்னால் வந்து பொருந்துகிறவனைவிட இந்தத் தோல்விக்கே நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன். என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும், விடை தப்பானாலும் வழிக்கு மார்க் உண்டு.

மஞ்சள்மண்டி | ஈரோடு

எல்லோரும் மாடலைத்தான் கூண்டில் நிறுத்துகிறீர்கள். அளவே சரி என்று யார் சொன்னது? எங்கள் சந்தையில் ஒரே மூட்டையில் ஒருவர் மேலே குத்தூசி போட்டால் விரலி வரும், இன்னொருவர் அடியில் போட்டால் கிழங்கு வரும். விலை குவிண்டாலுக்கு எங்கேயோ போய்விடும். அந்த 3.4 என்கிற பிழையை யார் போட்டது? அவர்களே போட்டுக்கொண்டதுதானே?

உடுமலைக்காரி | இப்போது ஐரோப்பாவில்

மண்டிக்கார அண்ணன் கேட்டதற்குத்தான் எங்கள் துறையில் இன்னும் தெளிவான விடை இல்லை.

எல்எச்சியில் இதே அளவை இரண்டு குழுக்கள் எடுத்திருக்கின்றன. ஒன்று டோட்டம், மற்றது அட்லஸ் குழுவின் ஆல்ஃபா கருவி. இரண்டும் மோதல் நடக்கும் இடத்திலிருந்து இருநூறு மீட்டருக்கு மேல் தள்ளி, குழாய்க்குள் நகரும் பெட்டிகளில் உணர்கருவி வைத்து, கற்றையிலிருந்து சில மில்லிமீட்டர் வரை நெருக்கிக் கொண்டுபோயின. ரோம் நகரக் குழு ஐஎஸ்ஆரில் முதலில் பயன்படுத்தியதால் இன்றும் அதற்கு ரோமன் பாட் என்றே பெயர்.

இப்போது எண்கள். 7 டெராவில் டோட்டம் 98.6, அட்லஸ் 95.35. 8 டெராவில் 101.7, 96.07. 13 டெராவில் 110.6, 104.7. மூன்று தடவையும் டோட்டம் மேலே, அட்லஸ் கீழே. ஆனால் சரிவின் வேகத்தில் இரண்டும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. அப்படியென்றால் வளைகோட்டின் உருவத்தில் சண்டை இல்லை, முழு வளைகோட்டையும் எவ்வளவு உயரத்தில் தூக்கி வைப்பது என்பதில்தான் சண்டை. அட்லஸ், கற்றையின் ஒளிர்திறனை (கற்றைகள் எவ்வளவு நெருக்கமாக மோதவிடப்படுகின்றன என்ற அளவு) தனியாக அளந்து அதை வைத்து உயரத்தை முடிவு செய்கிறது. டோட்டம் 13 டெராவில் சொன்ன எண்ணுக்கு ஒளிர்திறன் தேவையில்லை. அதற்குப் பதிலாக, உடைந்து சிதறிய மோதல்களையும் எண்ண வேண்டும். அவற்றில் சில, கருவியின் கண்ணில் படாமல் குழாயோடு போய்விடும். அந்தப் பங்கை மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும்.

கணக்கு வாத்தியார் | தாராபுரம்

13 டெராவில் வித்தியாசம் 5.9. இரண்டு பிழைகளையும் (3.4, 1.1) வர்க்கம் கூட்டி மூலம் எடுத்தால் ஏறத்தாழ 3.6. விகிதம் 1.65. தனியாகப் பார்த்தால் இதற்கெல்லாம் தூக்கம் கெட வேண்டியதில்லை. மூன்றும் ஒரே பக்கம் சாய்வதுதான் உறுத்துகிறது.

பட்டறைக்காரன் | கணபதி, கோவை

உறுத்தத்தான் செய்யும் ஐயா. ஒரு முறை நூறு ஷாஃப்ட் கடைந்து வைத்தோம். எதை எடுத்து எதோடு ஒப்பிட்டாலும் அச்சில் வார்த்தது போல ஒத்திருந்தது. பையன்களுக்கு மதியம் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். சாயங்காலம் பேரிங்கில் ஏற்றிப் பார்த்தால் ஒன்றுகூட ஏறவில்லை. மைக்ரோமீட்டர் கீழே விழுந்து தொடக்கக் கோடு நகர்ந்திருந்தது. யார் போட்டார்கள் என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. நூறு தடவை அளந்ததால் பிழை குறையவில்லை. நூறிலும் அதே பிழைதான் குடியிருந்தது.

உடுமலைக்காரி | இப்போது ஐரோப்பாவில்

அந்த மைக்ரோமீட்டர் கதையை என் அடுத்த உரையில் திருடிக்கொள்கிறேன் அண்ணா.

இது புதிதும் அல்ல. அமெரிக்காவின் டெவட்ரான் மோதியில் 1.8 டெரா ஆற்றலில் ஒரு குழு 72.8 என்றது, இன்னொரு குழு ஏறத்தாழ 80 என்றது. மாடல்காரர்கள் தங்களுக்கு வசதியானதை எடுத்துக்கொண்டார்கள். வாத்தியார் ஐயா போட்ட சூத்திரம் அங்கே 73 தரும். அதற்கு முதல் குழுதான் பிடிக்கும்.

ரோ விகிதத்தின் கதை இன்னும் சுவையானது. புரோட்டான்களின் மின் விலக்கமும் வன்விசையும் ஒன்றோடொன்று குறுக்கிடும் மிகச் சிறிய கோணத்தில் அதை அளக்க வேண்டும். 1987 இல் செர்னின் யுஏ4 குழு 546 ஜிஇவியில் 0.24 என்று அளந்தது, பிழை 0.04. வழக்கமான கணக்குகள் எதிர்பார்த்ததைவிட அது மிக அதிகம். உடனே அதை விளக்குவதற்கென்றே மாடல்கள் முளைத்தன. 1993 இல் யுஏ4/2 குழு ஏறத்தாழ அதே ஆற்றலில் இன்னும் கவனமாக அளந்தது: 0.135, பிழை 0.015. பிறக்காத பிள்ளைக்குத் தொட்டில் கட்டியவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள்மண்டி | ஈரோடு

என் குத்தூசிக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று நினைக்கவில்லை. நாளை மண்டியில் சொல்லிக்கொள்வேன்.

கல்லாறு | மேட்டுப்பாளையம்

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகுகிறேன். இந்தக் குறுக்குவெட்டு ஜெனிவாவுக்கு மட்டும் உரிய சமாச்சாரம் அல்ல. எங்கள் மலைமேல், உதகையில், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 இருக்கிறது. ஏறத்தாழ 2200 மீட்டர் உயரத்தில் நூற்றுக்கணக்கான உணர்கருவிகளைப் பரப்பி வைத்து, விண்ணிலிருந்து வரும் புரோட்டான் காற்றில் மோதிச் சிதறும் துகள் மழையைப் பிடிக்கிறார்கள். அந்த மழையில் வரும் மியூவான் என்ற துகள்களை மட்டும் எண்ண 560 சதுர மீட்டரில் தனி ஏற்பாடு. பிடித்த மழையிலிருந்து வந்த புரோட்டானின் ஆற்றலைக் கணக்கிட வேண்டுமானால், புரோட்டான் காற்றில் எப்படி மோதும் என்ற மாடல் கையில் இருக்க வேண்டும். அந்த மாடல்களைத் தீட்டுவது எல்எச்சி எண்களை வைத்துத்தான். 2025 ஜூலையில் எல்எச்சியில் புரோட்டானை ஆக்சிஜனோடு மோதவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். காற்றில் இருப்பது ஆக்சிஜனும் நைட்ரஜனும்தானே.

கணக்கு வாத்தியார் | தாராபுரம்

உடுமலை அம்மணிக்கு ஒரு கேள்வி. ஆடரான் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று 2021 இல் ஒரே ஆரவாரம். அதுவும் மாடலா, அளவா?

உடுமலைக்காரி | இப்போது ஐரோப்பாவில்

இரண்டுக்கும் நடுவே ஐயா. புரோட்டான்-புரோட்டான் சிதறலும் புரோட்டான்-எதிர்புரோட்டான் சிதறலும் மிக உயர்ந்த ஆற்றலில்கூட வேறுபடலாம் என்று 1973 இல் லுகாஷுக், நிக்கொலெஸ்கு இருவரும் சொன்னார்கள். அந்த வேறுபாட்டை உண்டாக்குவதாக, பொமரானைப் போலக் கைமாறும் ஒன்றுக்குத்தான் ஆடரான் என்று பெயர். சோதிக்க வேண்டுமானால் இரண்டையும் ஒரே ஆற்றலில் அளக்க வேண்டும். டெவட்ரானில் டி-ஜீரோ குழு 1.96 டெராவில் எதிர்புரோட்டானை அளந்திருக்கிறது. அங்கே பள்ளம் தூர்ந்து போய்த் தோள்பட்டை மாதிரி இருக்கிறது. எல்எச்சியில் 2.76, 7, 8, 13 டெராவில் புரோட்டானை அளந்திருக்கிறார்கள். அங்கே பள்ளம் பள்ளமாகவே இருக்கிறது. 1.96 இல் புரோட்டான் அளவு கிடையாது. அதனால் வளைகோட்டில் எட்டு அடையாளப் புள்ளிகளை எடுத்து, ஒவ்வொன்றும் ஆற்றலோடு எப்படி நகர்கிறது என்று பார்த்து, 1.96 வரை இறக்கினார்கள். வேறுபாடு 3.4 சிக்மா. ரோ அளவுகளையும் சேர்த்தால் ஐந்துக்கு மேல். இப்படிச் சேர்க்கலாமா, அப்படி இறக்கலாமா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 13 டெராவில் ரோ 0.10 என்று வந்ததற்கு வேறு விளக்கமும் உண்டு: இன்னும் மேலே போனால் மொத்தக் குறுக்குவெட்டின் ஏற்றமே மெதுவாகலாம்.

என் சொந்த அபிப்பிராயம்: பள்ளத்தின் வேறுபாட்டை நம்புகிறேன், ரோவைச் சேர்த்து ஐந்தைத் தாண்டியதில் அவ்வளவு நிம்மதி இல்லை. என் வழிகாட்டி இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

கீழ்பவானி | கோபிசெட்டிபாளையம்

மூன்று நாள் காணாமல் போனதற்கு மன்னியுங்கள். ஆய்வகத்தில் கணினி ஒன்றுதான், மின்சாரம் அதன் இஷ்டப்படி.

மாணவி விகிதப் படம் வரைந்தாள். ஒரு கோடு தொடக்கத்திலேயே அலை போல ஏறி இறங்கியது. இன்னொன்று பள்ளத்துக்கு வரும் முன்பே வழுக்கிவிட்டது. மீதி மூன்றுக்கு நானே ஒரு தண்டனை கொடுத்தேன். பள்ளத்தைச் சுற்றியுள்ள புள்ளிகளை எல்லாம் அழித்துவிட்டு, மற்ற இடத்தில் மட்டும் பொருத்தி, பள்ளம் எங்கே என்று சொல்லச் சொன்னேன். பதினொரு ஆணிக்காரர் பள்ளத்தையே காணவில்லை என்றார். அடுத்தவர் இடத்தைச் சரியாகச் சொன்னார், ஆனால் ஆழம் பாதிதான். ஐந்தாவது தப்பித்தது. உடனே மாணவிக்கு மகிழ்ச்சி. அட்லஸ் உயரத்துக்கு எண்களை இறக்கி அதையே மறுபடி செய்யச் சொன்னேன். பள்ளம் நகரவில்லை, இரண்டு மாறிலிகள் மட்டும் நகர்ந்துகொண்டன. அதையும் ஆய்வேட்டில் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எல்எச்சி 2022 இல் 13.6 டெராவில் ஓடத் தொடங்கியது. அந்த ஆற்றலுக்கு மொத்தக் குறுக்குவெட்டு, பள்ளத்தின் இடம், ஆழம், ரோ நான்கையும் தப்பித்த மாடலை வைத்துக் கணக்கிட்டு, ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டு ஆய்வக அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டாள். ஒட்டும் யோசனை அவளுடையது.

மஞ்சள்மண்டி | ஈரோடு

அந்தத் தாளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள் ஐயா. நாளைக்குத் திருத்தினால் சாட்சி வேண்டும்.

கீழ்பவானி | கோபிசெட்டிபாளையம்

இணைத்திருக்கிறேன். வலது கீழ் மூலையில் வட்டமாகத் தெரிவது காபிக் கறை. தரவுப் புள்ளி என்று யாரும் அதற்கு மாடல் பொருத்திவிட வேண்டாம்.